மாமா சொன்ன மேல்காற்று

பெருநகர்
27-6-1977

விமானம் ஓட்டும் வேதாசலம் அவர்களுக்குப் பெருநகர் வீராசாமி எழுதுவது.

'அவர்களுக்கு' என்று போட்டிருப்பதைப் பார்த்து மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். என்னோடு கூடப் பிறந்த எல்லம்மாள் பெற்ற பிள்ளை ஆயிற்றே என்று இத்தனை நாள் 'டேய் வேதா' என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். இனிமேல் கூப்பிடுவதாக இல்லை.

சனிக்கிழமை காலை ஊரையே வரப்பில் கொண்டுவந்து நிறுத்தினேன். "பிளேன்ல எம் மருமவன் வர்றான், புகையான் பூச்சிக்கு மருந்து தெளிக்கப் போறான், பாருங்கடா" என்று ஒவ்வொருவனிடமும் சொன்னேன். விமானத்தில் மருந்து தெளிக்கும் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதவன் ஊரில் ஒருத்தன்தான், எனக்குக் கிழக்கே கழனி வைத்திருக்கும் தாண்டவராயன். "ஆகாசத்துல கீறவனுக்கு எங்கழனி எது, உங்கழனி எதுன்னு இன்னா தெரியும்?" என்று கேட்டு ஒதுங்கிக்கொண்டவன்.

நீர் வந்தீர். பறந்தீர். என் தலைக்கு மேலே மருந்தைத் திறந்தும் விட்டீர். அது அப்படியே காற்றில் மிதந்துபோய்த் தாண்டவராயன் கழனியில் பன்னீர் தெளித்த மாதிரி இறங்கியது. என் கழனியில் ஒரு சொட்டு இல்லை. மூன்று தடவை திரும்பி வந்தீர், மூன்று தடவையும் அவனுக்கே தெளித்தீர். கீழே நான் துண்டை வீசிக் கத்தியதற்கு நீர் கையை ஆட்டிவிட்டுப் போனீர்!

சாயங்காலம் தாண்டவராயன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்து, "மருமவப்புள்ள நல்ல கைராசிக்காரரு" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பழத்தை நான் தொடவில்லை.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாதவருக்கு என் பெண் ஆதிலட்சுமியைக் கொடுப்பதாக இல்லை. ஆவணியில் வைத்திருந்த கல்யாணம் நின்றது. உம் அத்தை பாஞ்சாலி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆதிலட்சுமி காப்பியில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டாள். நான் அசையப் போவதில்லை.

வீராசாமி

*

பெரம்பூர், சென்னை
30-6-1977

அன்புள்ள மாமாவுக்கு வேதா வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை அம்மா படித்தார்கள், அப்பா படித்தார், எதிர்வீட்டுக்காரரும் படித்தார். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள்.

காற்றைப் பார்க்காமல் எந்தப் பைலட்டும் கிளம்ப மாட்டான். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே மீனம்பாக்கத்தில் வானிலை ஆபீசுக்குப் போனேன். அங்கே ஸ்வாமிநாதன் என்று ஒரு அதிகாரி, நம் பக்கத்துக் கூரம் கிராமத்துக்காரர். மேசை அகலத்துக்கு ஒரு படத்தை விரித்து, எங்கே மழை, எங்கே இடி, எவ்வளவு உயரத்தில் மேகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். காற்று மட்டும் தரைக்கு ஒரு கணக்கு, உயரத்துக்கு ஒரு கணக்கு. உயரத்துக் காற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய பலூன் ஒன்றை விட்டு, அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தூரக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "மேலே காற்று பலமாக இருக்கிறது. தரையில் காலையில் அவ்வளவாக இருக்காது. ஆனால் உங்கள் ஊர்க் காற்றை அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்."

கேட்டேன் மாமா. வற்றிக் கிடக்கும் ஏரியின் உள்வாயில் நாங்கள் போட்டிருக்கும் தற்காலிக ஓடுபாதையில், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை தொங்கிக்கொண்டு கிடந்தது. சரி, தரையில் காற்று இல்லை என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் வரப்பில் உங்கள் பக்கத்தில் ஒயர்லெஸ் பெட்டியோடு நின்ற எங்கள் சாமுவேலைக் கூப்பிட்டு, "மாமாவைக் கேள், காற்று எப்படி?" என்றேன். அவன் உங்களைக் கேட்டுவிட்டு, "மேல்காற்று பலமா இருக்குதாம் சார்" என்றான்.

எனக்குப் புல்லரித்துப்போயிற்று. ஸ்வாமிநாதன் பலூன் விட்டுக் கண்டுபிடித்ததை மாமா வரப்பில் நின்றபடியே சொல்லிவிட்டாரே என்று! மேலே பலமாக இருந்தால் எனக்கு என்ன? நான் பறப்பதோ தென்னை மர உயரத்தில். தைரியமாக இறங்கித் தெளித்தேன். நீங்கள் துண்டை வீசியதை வாழ்த்து என்று நினைத்துத்தான் கையை ஆட்டினேன்.

இதில் என் தப்பு என்ன மாமா? கல்யாணத்தை நிறுத்தும் அளவுக்கு நான் செய்த பாவம்தான் என்ன?

உங்கள் வேதா

*

பெருநகர்
3-7-1977

பைலட் அவர்களுக்கு,

மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருகிற காற்று ஐயா!

மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. ஆனி ஆடியில் மேகாத்து அடிக்கிறது என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குத் தெரியும். எங்கள் ஊரில் மேலத்தெரு இருக்கிறது, அது என்ன ஆகாயத்திலா தொங்குகிறது? உம் அம்மா எல்லம்மாள் பிறந்ததே மேலத்தெருவில்தான். நான் சொன்னது, "மேகாத்து பலமா கீது, வேணாம்னு சொல்லுப்பா" என்று. உங்கள் சாமுவேல் பட்டணத்துப் பையன். "மேகாத்து" என்பதை அழகாக இழுத்து "மேல்காற்று" ஆக்கினான். "வேணாம்" என்பதை எங்கே போட்டான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

காற்றுப்பை தொங்கிற்றாம்! ஓடுபாதைக்கு மேற்கே சவுக்குத்தோப்பு சுவர் மாதிரி நிற்கிறது. அதன் மறைவில் கம்பத்தை நட்டால் பை தொங்காமல் நாட்டியமா ஆடும்?

உம் கடிதத்தை நான் திட்டிக்கொண்டே உரக்கப் படித்தது தப்பாயிற்று. ஆதிலட்சுமி அடுப்படியில் இருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மேலத்தெருவுக்கு வர்றதுன்னா அவரு ஏணி போட்டுக்கினு ஏறுவாரா நைனா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சோறு அடிப்பிடித்தது. என்னோடு பேசாத உம் அத்தைகூடச் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு மறுபடி பேசாமல் இருந்துவிட்டாள்.

வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்பதற்காக நான் இறங்கி வருவேன் என்று எண்ண வேண்டாம். கழனியில் அங்கங்கே புகையான் வட்டம் வட்டமாகக் கருக்க ஆரம்பித்திருக்கிறது. தாண்டவராயன் கழனி பச்சைக் கிளி மாதிரி இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

வீராசாமி

*

பெரம்பூர், சென்னை
7-7-1977

அன்புள்ள மாமாவுக்கு,

தோற்றேன். முழுசாகத் தோற்றேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அம்மா குழம்புக் கரண்டியாலேயே என் தலையில் ஒன்று வைத்தார்கள். "மேலத்தெருவுல பொறந்தவ புள்ளைக்கு மேகாத்து தெரியல, வெளிய சொல்லிடாத" என்றார்கள். நான் எங்கே சொல்லாமல் இருந்தேன்? நேராக ஸ்வாமிநாதன் சாரிடம் போய் ஒப்பித்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். இப்போது நான் வானிலை ஆபீசுக்குள் நுழைந்தாலே, "மேல்காற்று சார், வாங்க" என்கிறார்கள். ஆதிலட்சுமி சிரித்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை மட்டும் பலதடவை படித்தேன். அவள் அழவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

மாமா, தப்பு என்னுடையதுதான். காற்றின் பெயர் புரியாவிட்டால் இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். எனக்கு வேண்டிய பதில்தான் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு மேலே கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

இந்த மாதம் 23-ஆம் தேதி எங்கள் விமானம் மறுபடி உங்கள் பக்கம் வருகிறது. ஸ்வாமிநாதன் சார் ஒரு யோசனை சொன்னார். "மீனம்பாக்கத்திலிருந்து நான் ஜில்லாவுக்குச் சொல்லலாம். உங்க மாமா கழனிக்கு உங்க மாமாதான் சொல்லணும்" என்றார். அதனால் கேட்கிறேன். அன்று ஒயர்லெஸ் பெட்டி உங்கள் கையிலேயே இருக்கட்டும். நடுவில் சாமுவேல் வேண்டாம். சொல்வீர்களா?

மாமா என்று எழுதுவதற்காவது அனுமதி உண்டு என்று நம்பும்
வேதா

*

பெருநகர்
11-7-1977

வேதாசலத்துக்கு,

பெட்டியைப் பிடிக்கச் சம்மதம். அது கழனிக்காக, கல்யாணத்துக்காக இல்லை. என் நிபந்தனைகளைக் கேட்டுக்கொள்.

மேல், கீழ் என்கிற பேச்சே கூடாது. காற்று வந்தவாசிப் பக்கமிருந்து வருகிறதா, உத்திரமேரூர்ப் பக்கமிருந்து வருகிறதா என்று ஊர் பேரைச் சொல்வேன். உனக்கு அந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன என்றாவது தெரியும் அல்லவா?

காற்று எவ்வளவு என்பதற்கு என் வேட்டிதான் கணக்கு. வேட்டி சும்மா இருந்தால் தெளிக்கலாம். நுனி ஆடினால் யோசிக்க வேண்டும். பறந்தால் நீ பறக்கக் கூடாது.

மேகத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உத்திரமேரூர் பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டேன். வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறது என்றுதான் உங்கள் ஆபீசில் எழுதுவார்களாமே? அடப்பாவி, எட்டில் ஒன்று அரைக்கால். அரைக்கால், கால், அரை, முக்கால் என்று தலைகீழாகச் சொல்லுகிற ஆளிடமா இதை மறைத்து வைத்திருந்தாய்? இரண்டு நாளாகக் காலையும் மாலையும் வரப்பில் நின்று வானத்தைப் பங்கு போடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் மேற்கே காலேயரைக்கால். தாண்டவராயன் அரைதான் என்கிறான். அவனுக்குக் கண் சரியில்லை.

ஆமாம், அவனும் கூட வந்து நிற்கிறான். வராதே என்றால் கேட்பதில்லை.

கடைசி நிபந்தனை. இந்தத் தடவை என் கழனியில் மருந்து விழ வேண்டும். விழுந்தால் ஆவணியைப் பற்றிப் பேசலாம். விழாவிட்டால் அந்தப் பேச்சு கிடையாது. பாஞ்சாலி முறைக்கிறாள். சொன்னது சொன்னதுதான்.

வீராசாமி

*

பெரம்பூர், சென்னை
15-7-1977

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லா நிபந்தனைக்கும் சம்மதம். உங்கள் வேட்டிக் கணக்கை ஸ்வாமிநாதன் சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார். காலேயரைக்காலைக் கேட்டபோதுதான் சிரித்தார், அதுவும் சந்தோஷத்தில். அவர்கள் ஆபீசில் அதற்கு "எட்டில் மூன்று" என்று எழுதிப் பழக்கமாம், இனிமேல் காலேயரைக்கால் என்றே சொல்லப் போகிறாராம்.

ஒரு விஷயத்தை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். உயரத்தில் பறக்கும்போது எனக்குக் கவலையில்லை. மீனம்பாக்கத்து ரேடியோ காதில் பேசிக்கொண்டே இருக்கும். எங்கே மேகம் திரள்கிறது என்று ராடாரில் பார்த்துச் சொல்வார்கள். எனக்கு முன்னால் போகிற பெரிய விமானத்துக்காரர், "அந்தப் பக்கம் போகாதே, தூக்கிப் போடுகிறது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். பைலட்டுகள் அந்த விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ண மாட்டார்கள்.

ஆனால் மருந்து தெளிக்க இறங்கிவிட்டால் அந்த ரேடியோ எட்டாது. பனைமர உயரத்தில் எனக்கு யாரும் இல்லை. கண் வரப்பிலும், எல்லை காட்டக் கொடி பிடிப்பவர் மேலும் இருக்கும், பின்னால் என்ன திரள்கிறது என்று திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. அந்த நேரத்தில் நீங்கள்தான் மாமா என் மீனம்பாக்கம். நீங்கள் "இறங்கு" என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் ஓடுபாதைக்குத் திரும்பி இறங்கிவிடுவேன். இது என் வாக்கு.

காற்றுக் கம்பத்தைச் சவுக்குத்தோப்பு மறைவிலிருந்து எடுத்து ஏரிக்கரை மேல் நடச் சொல்லிவிட்டேன். உங்கள் கழனியில் மருந்து விழும். ஆவணியைப் பற்றிப் பேசுவோம்.

வேதா

*

பெரம்பூர், சென்னை
25-7-1977

அன்புள்ள மாமாவுக்கு,

சனிக்கிழமை இடி மழையில் நனைந்து லாரியில் ஊர் திரும்பினேன். உங்களைப் பார்த்துப் பேசத்தான் ஓடி வந்தேன், அதற்குள் நீங்கள் கழனி மடையைத் திறக்கப் போய்விட்டீர்கள் என்றார்கள். நேரில் கேட்க முடியாததை எழுதிக் கேட்கிறேன்.

காலையில் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அச்சாக இருந்தது. "வேட்டி சும்மா கீது, வா", "நுனி ஆடுது, நிறுத்து." நடுவில் எங்கோ, "டேய் தாண்டவராயா, பொட்டிகிட்ட வராத" என்பதும் கேட்டது. எட்டு பேர் கழனியை முடித்தோம். வெயில் ஏறிக் காற்று எழுந்ததும் நிறுத்தினோம். உங்கள் கழனி மட்டும் பாக்கி. சாயங்காலம் காற்று தணிந்ததும் அதற்கென்றே கிளம்பினேன். சாயங்காலம் சில இடங்களில் இடி மழை வரலாம் என்று ஸ்வாமிநாதன் சார் சொல்லியிருந்தார். எனக்கு வேண்டியதோ இரண்டே சுற்று.

முதல் சுற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். உங்கள் வரப்பு நேராகத் தெரிந்தது. கொடி தெரிந்தது. மருந்தைத் திறக்கும் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். அப்போது உங்கள் குரல்.

"வேதா, எறங்கு. வந்தவாசிப் பக்கம் கறுத்துக்கினு வருது."

"வேட்டி எப்படி மாமா?"

"வேட்டி சும்மாத்தான் கீது. ஆனா முக்காலு மூடிட்ச்சி. காத்து கப்புனு நின்னுபோச்சி, எனக்குப் புடிக்கல. எறங்கு."

"உங்க கழனிதான் மாமா. ஒரே ஒரு சுத்து. கல்யாணம்..."

"எங்கழனி கெடக்கட்டும்! எறங்குடான்னா எறங்கு! டேய் வேதா!"

வாக்குக் கொடுத்தவன் கேள்வி கேட்டுவிட்டேன், அதையும் மன்னிக்க வேண்டும். மருந்தைத் திறக்காமலே ஏறித் திரும்பி ஏரி ஓடுபாதையில் இறங்கினேன். சக்கரம் தரையில் நின்றதும் சாமுவேலும் நானும் ஓடி ஓடி விமானத்தை முளையில் கட்டி முடித்தோம். புயல் மாதிரி ஒரு காற்று வந்து காற்றுப்பையைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று. அந்த நேரத்தில் நான் உங்கள் கழனி மேல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை.

மாமா, நீங்கள் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்திருந்தால் உங்கள் கழனியில் மருந்து விழுந்திருக்கும். அதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும்? ஏன் கூப்பிட்டீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும், கேட்கக் கை வரவில்லை. உங்கள் நிபந்தனைப்படி மருந்து விழவில்லை. நீங்கள் சொன்ன வார்த்தையை மாற்றாதவர். ஆதிலட்சுமியிடம் நான் முயற்சி செய்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

வேதா

*

பெருநகர்
29-7-1977

சிரஞ்சீவி வேதாவுக்கு மாமன் வீராசாமி ஆசீர்வாதம்.

ஏன் கூப்பிட்டேன் என்று கேட்டிருக்கிறாய். இவ்வளவு படித்து விமானம் ஓட்டுகிறவன் கேட்கிற கேள்வியா இது? ஒரு போகம் போனால் சம்பா வரும். சம்பா போனால் அடுத்த சொர்ணவாரிப் போகம் வரும். எல்லம்மாவுக்கு நீ ஒருத்தன், என் பெண்ணுக்கும் நீ ஒருத்தன். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் கழனி என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. நீ பேசிக்கொண்டே இருந்தாயே, அப்போது பெட்டியைத் தூக்கி உன் மேல் எறியலாமா என்று வந்தது. நீ தரையில் நின்றுவிட்டாய் என்று சாமுவேல் ஒயர்லெஸில் சொன்னதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாண்டவராயன்தான் கையைப் பிடித்து எழுப்பினான்.

கழனியைப் பற்றிக் கவலைப்படாதே. மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவன் மருந்தடிக்கிற மிஷினை முதுகில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "ஒம் மருமவன் எனக்கு ஓசியில தெளிச்சாரு, நான் ஒனக்குத் தெளிக்கக் கூடாதா?" என்றான். நானும் அவனும் ஆளுக்கொரு பக்கமாக அடித்து முடித்தோம். கருகியது கருகியதுதான். மீதி தேறிவிடும் என்று தோன்றுகிறது. வேலை முடிந்ததும் அவனே ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்தான். அவனும் நானும் அங்கேயே உட்கார்ந்து தின்றோம்.

நிபந்தனைக்கு வருகிறேன். நான் சொன்ன வார்த்தையை மாற்றாதவன் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. அதையே நம்பிக்கொண்டிரு. நான் முதலில் சொன்ன வார்த்தை எது? வைகாசியில் பாக்கு வெற்றிலை மாற்றினேனே, அது. நடுவில் சொன்னதெல்லாம் வயிற்றெரிச்சல்.

இதை எழுதும்போது ஆதிலட்சுமி தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். "சீக்கிரம் எய்தி முடி நைனா, தபாலு எடுத்துடுவான்" என்று அவசரப்படுத்துகிறாள். காலையில் காப்பியில் சர்க்கரை கரண்டி கரண்டியாகக் கொட்டியிருந்தாள், குடிக்க முடியவில்லை. குடித்தேன்.

ஆவணி இருபதாம் தேதி பெருநகரில் முகூர்த்தம். எல்லம்மாவையும் உன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் முன்பே வந்துவிடு. ஸ்வாமிநாதனுக்கும் சாமுவேலுக்கும் தனியாகப் பத்திரிகை வரும். அன்றைக்கு மழை உண்டா என்று ஸ்வாமிநாதனைக் கேட்டு எழுது. உண்டு என்றால் பந்தலுக்கு இன்னும் நாலு கட்டுக் கீற்று சொல்லுவேன், அவ்வளவுதான். தேதியை மாற்ற மாட்டேன்.

உன் மாமன்
வீராசாமி